கணக்காளனின் திறமை: அன்றும் இன்றும்

கணக்கு என்றதும் கூட்டலும் கழித்தலுமே நம்மிற் பலருக்கு நினைவில் வரும். ஆயின், உலகம் கணக்காளனிடம் வேண்டி நின்ற திறமை காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது.

நம் முன்னோர் காலத்தில் எண்சுவடியை மனனஞ் செய்தவனே கணக்கன். 1/20 ஆகிய மா, 1/80 ஆகிய காணி, 1/320 ஆகிய முந்திரி முதலியவற்றை மனத்தாலேயே பெருக்கவும் வகுக்கவும் அவன் வல்லவனாயிருந்தான். கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார், இளம் பிள்ளைகளைக் கடையிலிருத்திப் பேரேடு எழுதப் பழக்கினர். 'ஐந்தொகை' என்னுஞ் சொல் அவர்தம் ஏடுகளிலும் வழங்கியது.

மேனாட்டிலே, லூக்கா பச்சியோலி என்னும் துறவி 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சேறிய தம் கணித நூலில், அந்நகர வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்றிலும் வரவிலும் எழுதுவதால் பல பிழைகள் தாமே வெளிப்படும். ஒழுங்கும் பொறுமையுமே அன்று வேண்டிய திறமைகள்.

பங்குக் கொம்பனிகள் பெருகியபோது, பணமிட்டவர் ஒருவராகவும் அதனை ஆள்பவர் வேறொருவராகவும் ஆயினர். 1878இல் பொய்யான ஐந்தொகை காட்டிவந்த கிளாஸ்கோ நகர வங்கி வீழ்ந்தது. பங்குதாரர் பலர் உள்ளதெல்லாம் இழந்தனர். இயக்குநர்கள் சிறை சென்றனர். எழுதுந் திறமையோடு, எழுதப்பட்டதை ஐயுற்று ஆராயுந் திறமையும் இன்றியமையாததாயிற்று. எடின்பரோக் கணக்காளர் சங்கம் 1854இலேயே அரச பட்டயம் பெற்றிருந்தது. நம் நாட்டிலே பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது.

பின்னர் இயந்திரம் வந்தது. லண்டனில் லையன்ஸ் தேநீர்ச்சாலைக் கொம்பனி 1951இல் 'லியோ' என்னுங் கணனியை அலுவலகக் கணக்குக்குப் பயன்படுத்தத் தொடங்கிற்று. 1979இல் 'விசிகல்க்' என்னும் விரிதாள் வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்கள் யாவும் நொடியில் மாறின. நாட்கணக்காகக் கூட்டிய எழுதுவினைஞரின் வேலை சுருங்கியது. 2012 முதல் இலங்கையிற் பின்பற்றப்படும் நியமங்களோ, சொத்தின் நியாயப் பெறுமதியை மதிப்பிடும் தீர்ப்புத்திறனையும் வேண்டுகின்றன.

அப்படியாயின் மனிதனுக்கு எஞ்சியது யாது? 2001இல் அமெரிக்காவில் என்ரோன் கொம்பனி வீழ்ந்தது. அதன் கணக்காய்வாளரான ஆதர் அண்டர்சன் நிறுவனமும் மறு ஆண்டில் அத்தொழிலைக் கைவிட நேர்ந்தது. அங்கே கூட்டத் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. மறைத்த கடனைக் கண்டு, "இதற்குக் கையொப்பமிடேன்" என்று எழுந்து நிற்பவருக்கே பஞ்சம்.

இத்துறையை நாடும் இளைஞர்களே! கணனியைக் கற்றுக்கொள்ளுங்கள், சட்டமும் நியமமும் கற்றுக்கொள்ளுங்கள். அவை நாளை மாறலாம். மாறும்போது மீண்டுங் கற்கலாம். முகம் பாராது உண்மை சொல்லும் நெஞ்சுரத்தை மட்டும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பதவியும் சம்பளமும் வந்தபின் அதனைப் பழகுதல் மிக அரிது.