பசுந்தாங் சந்தையும் எங்கள் அடுப்பும்

சித்திரை மலருக்குப் பர்மா வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். 1942-இல் காடு மலை தாண்டி நடந்து வந்தவர்களின் கதையை நம் பெரியவர்கள் எழுதிவிட்டார்கள். 1964-க்குப் பிறகு கப்பலேறி வந்த கதையையும் பலர் எழுதிவிட்டார்கள். நான் கீரை வாங்கப் போன கதையை எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம், அதற்குள்ளும் சரித்திரம் இருக்கிறது.

பர்மிய மொழியில் 'புசூன்' என்றால் இறால், 'தாங்' என்றால் குன்று. நம் ஆட்கள் வாயில் அது பசுந்தாங் ஆயிற்று. ரங்கூன் நகரின் கிழக்கு ஓரம், பசுந்தாங் ஓடையின் கரை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகியபோது, இந்த ஓடைக்கரையில் நீராவி அரிசி மில்கள் வரிசையாக எழும்பின. நெல்லின் உமியையே எரித்து இயந்திரம் ஓட்டினார்கள். மூட்டை சுமந்தவர்களும் உமி அள்ளியவர்களும் பெரும்பாலும் நம் தமிழரும் தெலுங்கரும்தான். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930-களில் பர்மா ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் அரிசி அனுப்பிய நாடு. என் அப்பா அப்படியொரு மில்லில் கணக்கு எழுதியவர். நான் பிறந்தது 1954-இல்.

காலை ஐந்தரைக்கே அம்மா என்னை எழுப்பிக் கூடையைக் கையில் கொடுத்துவிடுவாள். அக்கரை டாபோன் பக்கத்திலிருந்து சம்பான் படகுகளில் கீரையும் காயும் வந்து இறங்கும். கன்னத்தில் தனக்கா பூசிய பெண்கள் தரையில் வாழையிலை விரித்து, தாங்களே பறித்ததைத் தாங்களே விற்பார்கள். நடுவில் தரகன் கிடையாது. எடை வீசைக் கணக்கு. பர்மிய வீசை நம் இன்றைய கணக்கில் சுமார் 1.6 கிலோ. வெள்ளைக்காரன் தன் ஏடுகளில் எழுதிய 'விஸ்' என்ற சொல்லும் நம் வீசையிலிருந்து போனதுதான்.

அம்மா காலண்டர் பார்த்து மாதம் சொன்னதில்லை, கூடையைப் பார்த்தே சொல்வாள். வைகாசி பாதியில் மழை பிடித்தால் ஐப்பசி வரை விடாது. அந்த மழையில்தான் சின்பாங் தளதளவென்று வரும். வேறொன்றுமில்லை, நம் புளிச்சகீரைதான். 'சின்' என்றால் புளிப்பு. கூடவே மூங்கில் குருத்தும் வரும். கீரை, குருத்து, இறால் மூன்றையும் பூண்டு, பச்சை மிளகாயோடு எண்ணெயில் வதக்கினால் தண்ணீர் ஊற்றாமலே கீரை கரைந்து தொக்காகிவிடும். ஆற்றில் உள்ளம் மீன் ஏறும் காலத்தில் அதைப் புளிப்பு சேர்த்து மணிக்கணக்காகச் சிறுதீயில் வைப்பார்கள், முள்ளே மெத்தென்று ஆகிவிடும். இதை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மாள். அவரை நாங்கள் 'அமா' என்று கூப்பிடுவோம். பர்மிய மொழியில் அக்கா என்று பொருள். பதிலுக்கு என் அம்மா அவருக்கு முருங்கைக்காய் சாம்பார் கொடுப்பாள். அவர் அதில் ஒரு துளி ஙாப்பி கலந்துதான் சாப்பிடுவார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு அம்மாவே ஙாப்பி இல்லாமல் சாப்பிட முடியாதவள் ஆனாள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்களுக்கு வாடிக்கையாகக் கீரை கொடுத்த கிழவி ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அம்மா, "உங்களுக்குச் சொந்த வயலா?" என்று கேட்டாள். "அப்பா காலத்தில் இருந்தது. நெல் விலை விழுந்த வருஷம் கடனுக்குப் போயிடுச்சு. உங்க ஊர் செட்டிகிட்ட" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டே ஒரு கைப்பிடி கீரை கொசுறும் போட்டாள். அன்று அம்மா வழியெல்லாம் பேசவில்லை. பெரியவனான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: 1930-இல் அரிசி விலை சரிந்தது, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது, 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. விலையை அவர்கள் விழவைக்கவில்லை. ஆனாலும் பறிகொடுத்தவள் கண்ணுக்குத் தெரிந்தது நம் முகம்தானே. நாம் இழந்ததை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் ஆகும்.

1962 மார்ச்சில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நெல் வியாபாரமும் கடைகளும் நாட்டுடைமை ஆயின. 1964 மே 17-இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். உலகுக்கே அரிசி அனுப்பிய ஓடைக்கரையில் நாங்கள் மக்கள் கடை வாசலில் அரிசிக்கு வரிசை நின்றோம். சந்தையில் சம்பான்கள் குறைந்தன. 1966 கடைசியில் கப்பலேறினோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அமா வந்து அம்மாவின் கையில் ஒரு பொட்டலம் உலர்ந்த இறால் கொடுத்தார். நகை எதுவும் எங்களோடு வரவில்லை, அந்தப் பொட்டலம் வந்தது.

சென்னைக்குப் பக்கத்து முகாமில் இரண்டாவது வாரமோ என்னவோ, வேலி ஓரத்தில் ஒரு தெலுங்கு அம்மாள் கூடை வைத்திருந்தாள். அம்மா ஓடிப் போய்ப் பார்த்தவள், "டேய், இங்கேயும் சின்பாங் இருக்குடா!" என்று கத்தினாள். அந்த அம்மாள், "இது கோங்கூரா" என்றாள். அம்மா ஒரு வீசை கேட்டாள். இங்கே அதற்குள் கிலோ வந்துவிட்டது! நம் சொல் கடலுக்கு அந்தப் பக்கம் தங்கிவிட்டது, நாம் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். 2014-இல் ஒருமுறை ரங்கூன் போய் வந்தபோதும் சந்தையில் வீசைக் கணக்குதான்.

மூங்கில் குருத்துக்கு எங்கே போவது? அம்மா வாழைத்தண்டை நறுக்கிப் போட்டாள். அமா கொடுத்த இறால் அன்றைக்கே பாதி தீர்ந்தது. ஆனால் பக்கத்துக் குடிசைகளில் முகம் சுளித்தார்கள். மதுரைக்கு வந்து வாடகை வீடு பிடித்த பின் அந்த வாசனைக்காகவே ஒரு வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. அதற்குப் பிறகு அம்மா அதைச் சமைக்கவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சென்னைக் கடற்கரைச் சாலைப் பக்கம் நம்மவர்கள் போட்ட தள்ளுவண்டிகளில் அத்தோ இன்றும் பிரபலம். கையால் பிசைந்தது என்ற பொருளுள்ள 'அதோ(க்)' என்ற பர்மியச் சொல்தான் அது. மீன் குழம்பில் வாழைத்தண்டு போடும் மொஹிங்காவும் அங்கே வெறும் வாழைத்தண்டு சூப்பாக மாறிவிட்டது. குறை சொல்லவில்லை, பிழைப்பு. ஆனால் முட்டைக்கோஸும் கலர்ப் பொடியும் போட்ட அத்தோவில் மாதம் தெரியாது.

1999 நவம்பர் 14-இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணாநகரில் திறக்கப்பட்டது. சில வாரம் கழித்துப் போனேன். தரகன் இல்லாமல் விவசாயிகளே தராசு பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி புளிச்சகீரைக் கட்டோடு கொசுறும் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அன்று வீட்டில் வாழைத்தண்டும் இறாலும் போட்டு நானே செய்தேன். அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஙாப்பி போதாது" என்றாள். அவள் கை அளவு எவ்வளவு என்று சொல்லிக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்: ஒரு கட்டுக்கு ஒரு பாக்கு அளவு.

சித்திரைப் பிறப்பை ஒட்டியே அங்கே திஞ்ஜான், தண்ணீர்த் திருவிழா. சங்கராந்தி என்ற சொல்தான் அப்படி ஆயிற்று. நாம் மாங்காய், வேப்பம்பூ பச்சடி வைக்கும் நாளில் அவர்கள் அரிசிமாவு உருண்டைக்குள் பனைவெல்லம் வைத்துக் கொதிநீரில் போடுவார்கள், வெந்தால் மேலே மிதக்கும். பெயர் மொன்லோன் யேபோ. விளையாட்டுக்கு ஓரிரண்டு உருண்டையில் வெல்லத்துக்குப் பதில் காந்தாரி மிளகாய். எங்கள் வீட்டில் பச்சடியும் உண்டு, உருண்டையும் உண்டு. போன வருஷம் மிளகாய் எனக்கு வந்தது, வைத்தது என் பேத்தி.