கணக்கில் வராத உழைப்பு: கந்தளாயிலிருந்து ஒரு நினைவு

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்ட மன்னன் கட்டுவித்தான் என்பது திருகோணமலைத் தமிழரின் மரபு. சிங்கள மன்னர் காலத்துப் பணி என்பது மற்றொரு மரபு. எவர் கட்டியதாயினும், 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் அதன் அணைக்கட்டு உடைந்தபோது, வெள்ளம் நூற்றுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு சென்றது. செய்தி சேகரிக்கச் சென்றவர்களுள் நானும் ஒருவன்.

அன்று நான் எழுதியனுப்பிய செய்தியில், "விவசாயிகளும் அவர்தம் மனைவியரும் நிர்க்கதியாயினர்" என்றொரு வரி இருந்தது. ஆசிரியபீடத்தில் எவரும் அதைத் திருத்தவில்லை. எனக்கும் தவறாகத் தோன்றவில்லை. நாற்று நட்டவர்களும், களை பிடுங்கியவர்களும், கரும்புத் தோட்டங்களில் கூலிக்குச் சென்றவர்களும் அந்த "மனைவியரே" என்பதை உணரச் சில ஆண்டுகள் பிடித்தன. உணர்த்தியது, தேவகி ஜெயின் என்ற இந்தியப் பொருளியலாளரின் எழுத்து.

தேவகி 1933இல் மைசூரில் பிறந்தவர். தந்தையார் எம். ஏ. சிறீனிவாசன், மைசூர் சமஸ்தானத்தில் அமைச்சராகவும் குவாலியரில் திவானாகவும் இருந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் மெய்யியல், அரசியல், பொருளியல் பயின்று திரும்பிய தேவகி, டில்லியில் மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் பொருளியல் கற்பித்தார். 1966இல் காந்தியவாதியும் கூட்டுறவு இயக்கச் செயற்பாட்டாளருமான எல். சி. ஜெயினை மணந்தார். இவ்வளவும் வசதியும் கல்வியும் வாய்த்த ஒருவரின் வழக்கமான வாழ்க்கைக் குறிப்பே. அவரை வேறுபடுத்தியது அடுத்து அவர் எழுப்பிய வினா.

அவ்வினா எளிமையானது: "உழைப்பவர் யார் என்று எவ்வாறு கண்டறிகிறோம்?" கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வருகிறார், ஆண்மகன் பதிலளிக்கிறான், மனைவி "வேலை செய்வதில்லை" என்று பதிவாகிறது. 1970களின் பிற்பாதியில், டில்லியில் தாம் உருவாக்கிய சமூக ஆய்வு நிறுவகத்தின் வாயிலாக, ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களை அவர் தெரிவுசெய்தார். தொழில் யாதெனக் கேட்பதை விடுத்து, விடியற்காலையிலிருந்து இரவுவரை ஒவ்வொருவரும் நேரத்தை எதற்குச் செலவிட்டனர் என்று கவனித்துப் பதிவுசெய்ய வைத்தார். இல்லத்தரசி எனப்பட்டவள் வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் நின்றாள். விறகும் தண்ணீரும் சுமந்தாள். அரசின் புள்ளிவிபரம் கண்ட உழைப்பைவிட, கண்கூடாகக் கண்ட உழைப்பு அதிகமாயிருந்தது.

இது வெறும் புள்ளிவிபரச் சண்டையன்று. உழைப்பாளி என்று எண்ணப்படாதவருக்குக் கடன் இல்லை, பயிற்சி இல்லை, காணி இல்லை. திட்டம் எண்ணிக்கையின் பின்னேதான் செல்லும்.

1984இல் பெங்களூரில் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் பெண் ஆய்வாளர்களை அவர் கூட்டினார். அதிலிருந்து பிறந்ததே 'டோன்' எனப்படும் வலையமைப்பு. மறு ஆண்டு நைரோபியில் நடைபெற்ற ஐ.நா. பெண்கள் மாநாட்டில், "அபிவிருத்தியில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற வேண்டுகோளோடு அவர்கள் நிற்கவில்லை. அபிவிருத்தி செல்லும் பாதையே சரிதானா என்று கேட்டனர். கடன் சுமை, உணவு நெருக்கடி, இராணுவமயமாக்கல் யாவும் பெண்கள் பிரச்சினையே என்றனர்.

1987இல் தன்சானியாவின் முன்னாள் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே தலைமையில் தெற்கு ஆணைக்குழு அமைந்தது. அதன் செயலாளர் நாயகம் மன்மோகன் சிங். 1974 முதல் 1984 வரை அங்ராட் அமைப்பை வழிநடத்திய நம் நாட்டுக் காமினி கொரியாவும் உறுப்பினர். பெரும்பாலும் ஆண்கள் நிறைந்த அவ்வவையில் தேவகியும் அமர்ந்தார். அக்கினோ அரசில் பொருளாதாரத் திட்டமிடல் அமைச்சராயிருந்த பிலிப்பைன்சின் சொலிட்டா மொன்சோட் மற்றுமோர் உறுப்பினர். மொன்சோட் அமைச்சரவைக்குள் சென்றவர். தேவகி பதவிக்கு வெளியே நின்றவர். கர்நாடகத் திட்டக் குழுவில் பணியாற்றினார். பஞ்சாயத்துகளில் பெண்களுக்கான இடஒதுக்கீடு ஆட்சியை எவ்வாறு மாற்றுகிறது என 1996இல் எழுதினார். தேர்தலில் நிற்காமலே செய்த அரசியல் இது. 2006இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

கந்தளாய்க்குத் திரும்புகிறேன். குடியேற்றத் திட்டங்களில் காணி வழங்கியது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ். அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரில். அவன் வாரிசைப் பெயர் குறிப்பிடாது இறந்தால், மகளுக்கு முன் மகனையே அச்சட்டம் வைத்தது. மனைவிக்கு எஞ்சியது வாழ்நாள் உரித்து. மறுமணம் செய்தால் அதுவும் பறிபோகும். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்ற பேதமின்றி அத்தனை பெண்களுக்கும் இதே கதி. போர் முப்பதாண்டுகள் நீடித்து விதவைகளைப் பெருக்கிய ஒரு நாட்டில் இதன் பொருள் என்ன என்பதை வாசகர்கள் அறிவர். மகனுக்கிருந்த அந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலமே நீங்கியது. எண்பத்தேழு ஆண்டுகள்!

சட்டம் மாறினும் பழக்கம் உடனே மாறாது. அரசாங்கப் படிவங்களை மட்டும் நான் குறைகூற இயலாது. அந்த வரியை எழுதியவன் நான். இன்று எழுதுவதாயின், "ஆணும் பெண்ணுமாக விவசாயிகள் நிர்க்கதியாயினர்" என்றே எழுதுவேன். முப்பதெட்டுக்கு மேற்பட்ட ஆண்டுகள் தாமதமான திருத்தம் இது.