பினாங்கு இளையோர் அடிதடி: வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே

மலேசியத் தமிழர்களிடையே இளையோர் அடிதடி பற்றிப் பேச்செழுந்தால் பழி முதலில் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. அப்பா குடிக்கிறார், அம்மா வேலைக்குப் போகிறார், பையன் கேட்பாரற்றுத் திரிகிறான் என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. ஆய்வுகளும் இப்பார்வைக்கே வலுச் சேர்க்கின்றன. மலேசியா 2012இல் பங்கேற்ற உலகப் பள்ளி மாணவர் உடல்நல ஆய்வு, கடந்த 12 மாதங்களில் கைகலப்பில் ஈடுபட்டாயா என்று கேட்கிறது. ஓய்வு நேரத்தில் நீ செய்வது பெற்றோருக்குத் தெரியுமா என்றும் கேட்கிறது. அண்டை அயலாரைப் பற்றிய கேள்வி அதன் அடிப்படை வினாக்களில் இல்லை. பள்ளியிலிருந்து நின்றுவிட்ட பையனோ அந்த ஆய்வின் கண்ணிலேயே படுவதில்லை. குடும்பத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசலைத் தாண்டிய பிள்ளையைப் பெற்றோர் பார்ப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரின் கண்களால்தான்.

சாம்ப்சன், ராடன்புஷ், எர்ல்ஸ் மூவரும் சிக்காகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் துணை நிற்கிறது. ஒருவரையொருவர் நம்பி, பிறர் பிள்ளையையும் தட்டிக்கேட்க முன்வரும் பகுதிகளில் வன்முறை குறைவு. வறுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் இத்தொடர்பு நிலைத்தது.

இம்முடிவை அப்படியே ஏற்கப் பினாங்கின் வரலாறு இடம் தரவில்லை. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஏறத்தாழ பத்து நாள் கலவரம் நடந்தது. கீ ஹின், துவா பெக் கோங் என்னும் இரு சீனச் சங்கங்கள் மோதின. வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்னும் இரு தெருக்குழுக்களில் முன்னது கீ ஹின்னோடும் பின்னது துவா பெக் கோங்கோடும் சேர்ந்தன. மலாய்க்காரர், கலப்பின முஸ்லிம்களான ஜாவி பெரானாக்கான், தமிழ் முஸ்லிம்கள் எனப் பலரும் இக்கொடிக் குழுக்களில் இருந்தனர். முஹர்ரம் கொண்டாட்டங்களைச் சுற்றி வளர்ந்த தெருப்போட்டி இக்குழுக்களுக்குள் ஊறியிருந்தது. இங்கே அக்கம்பக்க உறவு அறுந்துகிடக்கவில்லை. அது மிக இறுக்கமாக இருந்தது. ஆள் திரட்டியவர்களும் தெருவின் பெரியவர்களே. அரசு மறு ஆண்டே விசாரணை அறிக்கை பெற்று, 1869இல் சங்கங்களைப் பதிவு செய்யச் சட்டம் போட்டது. சங்கம் பதிவேட்டில் ஏறிவிடலாம், தெருவின் மானம் ஏறாது. ஆகவே நம்பிக்கை எவ்வளவு அடர்த்தி என்பதைவிட, அது யாரோடு நின்றுவிடுகிறது என்பதே முக்கியமான கேள்வி. தன் தெருவோடு நின்றுவிடும் நம்பிக்கை இளைஞனின் கையைத் தடுப்பதில்லை, ஓங்கச் சொல்கிறது.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது: அக்கம்பக்க உறவே அறுந்துகிடக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டதால் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை விட்டு வெளியேறியவர்கள் உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது காப்பிழந்த நகர்வாசிகள் உண்டு. 2009இல் இடிக்கப்பட்ட கம்போங் புவா பாலா கிராமத்தவரும் உண்டு. இவர்கள் வீட்டை மட்டும் இழக்கவில்லை. தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அதட்டும் உரிமை பெற்ற மனிதர்களையும் இழந்தார்கள். லயத்து வாழ்க்கையைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. கள்ளுக்கடையும் அடியும் அங்கேயும் இருந்தன. ஆயினும் சண்டையை விலக்கிவிட ஒருவர் வருவார். பாயான் லெப்பாஸ் ஆலைகளில் தாயும் தந்தையும் மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் அடுக்குமாடிக் குடும்பத்துக்கு அந்த ஒருவர்தான் தேவை. அவரைத் தராமல் பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநீதி.

எனவே அடுத்த ஆய்வு வகுப்பறையோடு நிற்காமல் அடுக்குமாடித் தளங்களுக்கு வரவேண்டும். பள்ளியை விட்டவர்களையும் சேர்க்கவேண்டும். பெற்றோரிடம் அது கேட்கவேண்டிய முதல் கேள்வி: வேற்றினத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் மகனைக் கண்டித்தால், நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்?