எரோல் டோபையாஸ்: இரு தரப்பும் ஏற்காத ஆட்டக்காரர்

1995 உலகக்கோப்பை இறுதியாட்டத்தன்று ஸ்ப்ரிங்பாக் அணியின் பச்சைச் சட்டையோடு மைதானத்துள் வந்த நெல்சன் மண்டேலாவை அறியாதார் இல்லை. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, வெள்ளையரல்லாத முதல் மனிதராக அச்சட்டையணிந்து டெஸ்ட் ஆடிய எரோல் டோபையாஸை ரக்பி உலகுக்கு வெளியே அறிந்தோர் மிகச் சிலர்.

1950 மார்ச்சில், கேப் டவுனுக்குக் கிழக்கேயுள்ள கேலடன் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். தென்னாப்பிரிக்கர் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டமும், எவ்வினத்தார் எங்கு வசிக்கலாம் என வரையறுத்த சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தன. அரசின் பதிவேட்டில் டோபையாஸ் 'கலப்பினத்தவர்'. ரக்பியும் இனவாரியாகவே பிரிந்து கிடந்தது. வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர் எனத் தனித்தனி அமைப்புகள். இவற்றினின்று விலகி, இனப்பாகுபாடே கூடாது என நின்றது 'சாரு' என்ற சங்கம். இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்கவியலாது என்பது அவர்கள் தரப்பின் முழக்கம். டோபையாஸ் ஆடியதோ, வெள்ளையர் வாரியத்தோடு இணங்கிப்போன கலப்பினக் கூட்டமைப்பில்.

1981 மே 30 அன்று, கேப் டவுனின் நியூலாண்ட்ஸ் மைதானத்தில் அயர்லாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். டோனி வார்ட் உள்ளிட்ட அயர்லாந்து வீரர்கள் சிலர் நிறவெறி நாட்டுக்கு வர மறுத்திருந்தனர். வெள்ளைத் தீவிரவாதிகளுக்கு அவர் அணியின் மீது விழுந்த கறை. நிறவெறியை எதிர்த்தோருக்கோ அரசு உலகுக்குக் காட்டிய பொம்மை. நியூலாண்ட்ஸில் வெள்ளையரல்லாதோருக்கென ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்து எதிரணிக்கே ஆரவாரம் எழுவது நெடுநாள் வழக்கம். சொந்த மக்களின் கரவொலி கூட இவருக்கு உறுதியில்லை.

அதே ஆண்டு நியூசிலாந்துப் பயணத்திலும் அவர் இருந்தார். ஹாமில்டனில் எதிர்ப்பாளர்கள் மைதானத்துள் புகுந்ததால் ஓர் ஆட்டமே கைவிடப்பட்டது. அங்கே எந்த டெஸ்டிலும் அவர் களமிறக்கப்படவில்லை. 'பொம்மை' என்றவர்களின் வாதத்துக்கு இது வலுச் சேர்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. அரசு அவரைப் பயன்படுத்திக்கொண்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், அதனாலேயே அவர் ஆட்டத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியுமா?

1984ஐப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்கு எதிராக இம்முறை அவருக்குத் தரப்பட்ட இடம் ஃப்ளை-ஹாஃப். ரக்பியில் உதைப்பதா, ஓடுவதா, பந்தைக் கைமாற்றுவதா என்று கணத்தில் முடிவெடுத்து அணியை இயக்குபவர் அவரே. கறுப்பருக்குக் காலில் வேகம் உண்டு, சிந்தை வெள்ளையருக்கே உரியது என நம்பிய சமூகத்தில் அந்த இடத்தின் பொருள் வேறு. பெயருக்கு ஒருவரைச் சேர்ப்பவர்கள் அவரை ஓரத்தில் நிறுத்துவார்களேயன்றி நடுநாயகமாக வைக்கமாட்டார்கள். ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் 35-9 என இங்கிலாந்து வீழ்ந்தது. டேனி கெர்பர் மூன்று 'ட்ரை' அடித்தார்; டோபையாஸ் ஒன்று. அத்தொடரில் ஆவ்ரில் வில்லியம்ஸ் என்ற இன்னொரு கலப்பினத்தவரும் உடன் ஆடினார்.

அவ்வாண்டின் இறுதியில், 34 வயதில், அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. ஆடியவை ஆறு, ஆறிலும் வெற்றி. 2015இல் 'சொக்கத் தங்கம்' எனப் பொருள்படும் தலைப்பில் தன்வரலாற்றை வெளியிட்டார்.

வெள்ளையரல்லாத அடுத்த ஸ்ப்ரிங்பாக் வீரர் வர 1993 ஆயிற்று. வந்தவர் செஸ்டர் வில்லியம்ஸ், ஆவ்ரிலின் உறவில் மகன் முறையானவர். 1995இல் கோப்பை வென்ற அணியிலும் அவர் ஒருவரே வெள்ளையரல்லாதவர்.