சுண்டெலியும் புற்றுநோயும்: குக் லிற்றிலின் ஆராய்ச்சி வாழ்வு

புற்றுநோய்க்கு இலக்காகும் இயல்பு பரம்பரையாக வருவதா என்ற வினா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க விஞ்ஞானிகளிடையே பெரும் வாதத்தை எழுப்பிற்று. மனிதரிடையே பல தலைமுறைகளைத் தொடர்ந்து நோக்க ஓர் ஆய்வாளரின் ஆயுள் போதாது. சுண்டெலியோ மூன்று வாரச் சூலின் பின் குட்டிகளை ஈனும். அக்குட்டிகளும் இரண்டு மாதத்தில் இனம்பெருக்கும் பருவத்தை எய்திவிடும்.

ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காசிலின் மாணவராயிருந்த கிளாரன்ஸ் குக் லிற்றில் (1888–1971), 1909இல் சுண்டெலிகளை அவற்றின் உடன்பிறப்புகளோடே கலந்து வளர்க்கத் தலைப்பட்டார். இவ்வாறு வளர்க்கப்படும் வழி நலிந்து அற்றுப்போகும் என்பதே அக்காலத்துப் பலரின் எண்ணம். அவ்வழி அற்றுப்போகவில்லை. இருபது தலைமுறைகள் இவ்வாறு கலந்தபின் ஒரு வழியைச் சேர்ந்த எலிகள் ஏறக்குறைய ஒரே மரபமைப்பினவாகின்றன. உணவும் உறையுளும் ஒத்திருக்க, ஒரு வழியிற் கட்டிகள் மலிந்தும் பிறிதொன்றில் அருகியும் தோன்றுமாயின், அவ்வேறுபாட்டின் வேரை மரபிலே தேடலாம்.

சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் மோட் ஸ்லை அம்மையாரும் இதே வினாவோடு பல்லாயிரம் சுண்டெலிகளை வளர்த்தார். இறந்த எலிகளை அறுத்துச் சோதித்துக் குறிப்பெழுதியவர் அவர்; உழைப்பில் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆயின், புற்றுநோய்க்கு இலக்காகுந் தன்மை பின்னிடைவான ஒற்றைப் பரம்பரையலகினால் வருவது என்ற அவரது முடிபு நிலைக்கவில்லை. லிற்றில் அதனைக் கடுமையாக மறுத்தார். பரம்பரையலகுகள் பல சேர்ந்தே இவ்வியல்பை ஆக்குகின்றன என்பது அவர் கொள்கை.

1929இல் மெயின் மாநிலத்துப் பார் ஹாபரில் லிற்றில் ஜாக்சன் ஆய்வுகூடத்தை நிறுவினார். டிட்ரொயிற் மோட்டார் முதலாளிகளின் பொருளுதவி அதற்குக் கிடைத்தது. என் கருத்தில், அக்கூடத்தின் பெருமைக்குரிய ஆண்டு 1933 ஆகும். முலைக்கட்டி மலிந்த வழித் தாய்க்கும் அருகிய வழித் தந்தைக்கும் பிறந்த பெண்குட்டிகளிலே நோய் மிகுந்தது. தாய் தந்தையரின் வழிகளை மாற்றிக் கலந்தபோது அது குறைந்தது. இருசாராரும் இரு வழிகளின் நிறமூர்த்தங்களையும் ஒரே அளவிற் பெற்றவர்கள். எனவே நிறமூர்த்தங்களுக்குப் புறம்பான ஏதோவொன்று தாய்வழியே வருகின்றது என ஆய்வுகூடத்தார் வெளியிட்டனர். மரபே பெரிதென்று நம்பிய நிறுவுநர், தம் நம்பிக்கைக்கு இடர்தரும் இம்முடிவை மறைத்தாரல்லர். 1936இல் ஜோன் பிற்னர், பிறந்தவுடன் குட்டிகளைப் பிரித்து நோய் அருகிய வழித் தாயிடம் பாலூட்டச் செய்தபோது கட்டிகள் குறைவதைக் காட்டினார். பாலின்வழி வந்தது ஒரு வைரசு என்பது பின்னர் தெளிவாயிற்று.

இத்தகைய ஆய்வுகூடத்தை ஆக்கியவரின் பிற்கால வாழ்வுதான் வரலாற்று மாணவனை மலைக்கவைப்பது. அமெரிக்கப் புற்றுநோய்த் தடுப்புச் சங்கத்தை 1929 முதல் பல்லாண்டு நடத்தியவர் அவர். புகையிலைத் தார் பூசப்பட்ட சுண்டெலிகளின் தோலிற் புற்று உண்டாவதை 1953இல் வைன்டரும் துணைவரும் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே சிகரெட்டுக் கம்பனிகள் கூடி அமைத்த ஆராய்ச்சிக் குழுவின் விஞ்ஞானப் பணிப்பாளர் பதவியை லிற்றில் ஏற்றார். புகைப்போர் அனைவரும் நோயுறுவதில்லை, உடலமைப்பையும் மரபையும் ஆராய வேண்டும் என்ற வாதம் அங்கே கம்பனிகளுக்குக் கேடயமாயிற்று. வாதம் முற்றும் பொய்யன்று. அதனாலேயே அது பயன்பட்டது. சிகரெட்டே ஆண்களின் நுரையீரற் புற்றுக்குக் காரணம் என அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 1964இல் உரைத்த பின்னும், லிற்றில் தம் நிலையினின்று இறங்கவில்லை.