அணுக்கால அச்சமும் ‘கலை அரசி’யும்

1950களில் உருவான அறிவியல் புனைவுத் திரைப்படங்களை அணுகுண்டு அச்சத்தின் வெளிப்பாடாகக் காண்பது ஆய்வுலகில் நிலைபெற்ற கருத்தாகும். 1951இல் வெளிவந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் வேற்றுக்கோளிலிருந்து வாஷிங்டனில் வந்திறங்கும் ஒருவன், மாந்தர் தம் வன்முறையை விண்வெளிக்கும் கொண்டுவருவாராயின் புவி அழியும் என எச்சரிக்கிறான். 1954 மார்ச்சு முதல் நாள் பிகினித் தீவில் வெடித்த அமெரிக்க ஐதரசன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிகலம் ஒன்றின்மீது படிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே ‘காட்ஸில்லா’ திரைக்கு வந்துவிட்டது.

தமிழில் இவற்றோடு ஒப்பவைத்துக் காணத்தக்கது, ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’. பறக்கும் கலத்தில் வரும் வேற்றுக்கோளார் எச்சரிப்பதுமில்லை, ஊரை எரிப்பதுமில்லை. அறிவியலில் மேம்பட்ட அவர்தம் கோளில் கலை வளரவில்லை. அக்குறையை நீக்கவே இசைவல்ல பெண்ணொருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். மேலைப் படங்களின் தழுவல் என்று இதனை ஒதுக்குவது பொருந்தாது. கலமும் உடையும் இரவலாக இருக்கலாம். கதைக்கூறோ பெண்கவர்தல், தேடல், மீட்டல் என்னும் நம் காப்பிய மரபினது. ஆயின் கவர்வோர் நாடுவது அவள் அழகையன்று, கலையை. மாற்றம் சிறிதெனினும் பொருளுடையது.

அணு, தமிழர்க்குத் தொலைவிலும் இல்லை. தமிழர் திரளாகக் குடியேறிய மும்பைச் செம்பூரை அடுத்துள்ள டிராம்பேயில், ஆசியாவின் முதல் அணு உலைகளுள் ஒன்று 1956 ஆகஸ்டு 4 அன்று இயங்கத் தொடங்கியது. நீர்த்தொட்டியுள் அமைந்த அவ்வுலை நீலவொளி வீசியது. 1957 சனவரியில் அந்நிலையத்தைத் திறந்துவைத்த நேரு, உலைக்கு ‘அப்சரா’ என்று பெயரிட்டார். வானுலக ஆடல்மகளின் பெயர் மண்ணிலுள்ள உலைக்கு வந்தது. ஆறாண்டுகளில் மண்ணுலகக் கலைமகள் திரையில் வானுக்குச் சென்றாள். இவ்விணைப்பு எவரும் திட்டமிட்டதன்று. எனினும், அறிவியலைக் கலையின் மொழியால் வரவேற்ற காலமனநிலை இரண்டிலும் புலப்படுகிறது.

இதனை அறியாமை எனல் தகாது. அச்சம் இருந்தது, அது திரையில் இடம்பெறாமல் அரசியல் மேடையில் ஒலித்தது. 1954 ஏப்ரலிலேயே அணுச்சோதனைகளை நிறுத்திவைக்குமாறு நேரு நாடாளுமன்றத்தில் வேண்டினார். 1962இல், எண்பத்து மூன்று வயதில், இராஜாஜி வாஷிங்டன் சென்று அதே வேண்டுகோளைக் கென்னடியிடம் நேரில் வைத்தார். விண்ணிலிருந்து வாஷிங்டனில் இறங்கிய திரைப்பாத்திரத்தின் பணியைச் சேலத்து வழக்கறிஞர் ஒருவர் மேற்கொண்டார் எனலாம். ‘கலை அரசி’ வெளிவந்த ஆண்டின் ஆகஸ்டில் பகுதியளவு அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிட்டது.

டிராம்பேயில் அப்சராவிற்கு அருகில், கனடாவின் துணையுடன் அமைந்த சைரஸ் உலை 1960 முதல் இயங்கிவந்தது. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்த கருவிக்கான புளூட்டோனியம் அவ்வுலையிலிருந்தே பெறப்பட்டது.