மேகத்தில் ஏறுவதற்கு முன் வில்லியனூரில் நடந்தது

'ஆன்போர்டிங்' என்ற சொல்லை முதலில் கேட்டபோது எனக்குக் கப்பல்தான் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? 'அம்பார்க்மான்' என்றால் கப்பலேற்றம். புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சலங்கில் போய்த்தான் ஏற வேண்டும். சைகோனுக்குப் போன நம் ஊர்க்காரர்கள் அப்படித்தான் போனார்கள். அதனால் தாள்களையெல்லாம் கரையிலேயே சரிபார்த்துவிட வேண்டும். அலையில் ஆடும் சலங்கில் நின்றுகொண்டு "உன் பெயர் பட்டியலில் இல்லையே" என்று பேசிக்கொண்டிருக்க முடியாது.

இந்தச் சொல் இப்போது கருவிகளுக்கு வந்துவிட்டது. மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் என் அக்கா பேரனுக்கு இதுதான் பிழைப்பு. ஒரு நிறுவனத்தின் ரவுட்டர், சுவிட்ச், வைஃபை பெட்டி, கேமரா, குளிர்பதன அறையின் வெப்பமானி என எல்லாவற்றையும் 'கிளவுட்' என்கிற மேகத்தில் சேர்த்துவிடுவான். பிறகு அவை எங்கே இருந்தாலும் ஓரிடத்திலிருந்து பார்க்கலாம், கட்டளை இடலாம். மேகம் என்றதும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். அது மும்பையிலோ சென்னையிலோ ஒரு பெரிய கூடத்தில் அடுக்கி வைத்த கணினிகள்தான். மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் அப்படிக் கூடங்களைத் திறந்தன.

"பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்தால் சேர்ந்துவிடுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கடைசி அஞ்சு நிமிஷ வேலை தாத்தா. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் தயார் பண்ணணும்" என்றான்.

என்ன தயாரிப்பு என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். எத்தனை கருவி, எந்த மாடல், வரிசை எண் என்ன, எந்த அறையில் நிற்கப் போகிறது என்று முதலில் பட்டியல் போட வேண்டும். பட்டியலை மேகத்தில் முன்கூட்டியே ஏற்ற வேண்டும். பட்டியலில் இல்லாத கருவி வந்து கதவைத் தட்டினால் திறக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்னணுச் சான்றிதழ் வேண்டும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பழைய மென்பொருள் இருந்தால் புதுப்பிக்க வேண்டும். அலுவலகத்தின் காவல் சுவரில் எந்த வழி திறந்திருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். சின்னக் கருவிகள் பல 8883 என்ற எண்ணுள்ள வழியாகத்தான் போகுமாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கடிகார விஷயம். மின்கலம் தீர்ந்துபோன சில கருவிகள் விழிக்கும்போது தேதி 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். 2024-இல் கொடுத்த சான்றிதழைக் காட்டினால், "இது செல்லுபடியாக இன்னும் 54 வருடம் இருக்கிறதே" என்று மறுத்துவிடும். தேதி தவறினால் மனு திரும்பிவிடும். நான் 34 வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியிலும் அதே சட்டம்தான்.

அவன் சொல்லச் சொல்ல, இந்த வேலையை நம் பக்கத்து வில்லியனூரில் 1998-லேயே செய்திருக்கிறார்களே என்று தோன்றியது. அப்போது மேகம் என்ற பேச்சே கிடையாது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஆண்டு கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியோடு ஒரு திட்டம் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம். சுற்றிலும் கிராமங்களில் தகவல் மையங்கள். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. செய்தியும் விவரமும் வில்லியனூருக்கு வரும். அங்கே தமிழில் எழுதிக் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். கிராமத்தில் இருப்பது ஒரு முனை, சரக்கு இருப்பது நடுவில். இன்றைய மேகத்தின் அமைப்பும் இதுதானே. நம் மேகம் வில்லியனூரில் இருந்தது என்று நான் சொன்னால் பேரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

கீழூர் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1954 அக்டோபர் 18-இல் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தது அந்த ஊரில்தான். எங்கே சேருவது என்று முடிவெடுப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல.

வில்லியனூர்க்காரர்கள் முதல் வேலையாகக் கணினியைக் கொண்டுபோய் இறக்கவில்லை. கிராமத்தில் யாருக்கு என்ன தகவல் தேவை, இப்போது அதை யாரிடம் கேட்கிறார்கள் என்று விசாரித்தார்கள். டீக்கடையில் கேட்கிறார்களா, கடைக்காரரிடமா, பக்கத்து வீட்டிலா என்றெல்லாம் பார்த்தார்கள். அதன் பிறகு ஊரோடு எழுத்தில் ஒப்பந்தம். இடம் ஊர் கொடுக்க வேண்டும், மின்சாரம் ஊர் பொறுப்பு, நடத்தும் தொண்டர்களை ஊரே தர வேண்டும், அவர்களில் பாதியாவது பெண்கள். கருவியும் பயிற்சியும் நிறுவனத்தின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதி பார்க்காமல் எல்லோரும் உள்ளே வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் பெட்டி வரும்.

இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். ஏறக்குறைய அதே காலத்தில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்குக் கணினிகள் வந்தன. முதலில் வந்தது பெட்டிதான். பிளக் பாயின்ட் இல்லை, எர்த் சரியில்லை, யார் உபயோகிப்பது என்று உத்தரவும் இல்லை. பல மாதம் பெட்டி பிரிக்காமல் ரெக்கார்டு ரூமில் கிடந்தது. ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டும் 'நல்ல நிலையில் உள்ளது' என்று ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதினார்கள். பிரிக்காத பெட்டி நல்ல நிலையில்தானே இருக்கும்!

எம்பலத்து மையம் கோவிலைச் சேர்ந்த கட்டடத்தில் அமைந்தது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதைப் பற்றி எழுதியது. அவர்கள் கவனித்தது கம்ப்யூட்டரை அல்ல, வாசலை. ஒரு வாசல் கோவிலுக்கு. அதில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு அனுமதியில்லை, மாதவிலக்கான பெண்களுக்கும் இல்லை. இன்னொரு வாசல் தகவல் மையத்துக்கு. அதில் யாரும் நுழையலாம். ஒரே கட்டடத்தில் இரண்டு வாசல். ஒரு பெண்மணியின் கறவைப் பசு ஈன முடியாமல் நாள் கணக்கில் தவித்தபோது, அந்த மையத்தில் இருந்த கால்நடை மருத்துவர் பட்டியலைப் பார்த்து டாக்டரை வரவழைத்துக் கன்றை எடுத்த கதையையும் அந்தப் பத்திரிகை எழுதியது. உலக வலை எதுவும் வேண்டியிருக்கவில்லை. சரியான பட்டியலும் திறந்த வாசலும் போதுமாயிருந்தன.

வாசல் என்றதும் புதுச்சேரிக்காரனுக்கு லப்போர்த் நினைவுக்கு வராமல் போகாது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, சொந்தச் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அவர் வைத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் 'கதவு' என்று அர்த்தம். பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் உரிமை வரும் என்பதை அந்த மனிதர் எவ்வளவு தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்!

வில்லியனூருக்கே வருகிறேன். கிராமத்துக்கும் நடு மையத்துக்கும் இணைப்பு எப்படி? அன்று கிராமத் தொலைபேசியை நம்பமுடியாது. மழை பெய்தால் செத்துவிடும். அதனால் வி.எச்.எஃப். கம்பியில்லாக் கருவிகளை வைத்தார்கள். போலீஸ்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த வகை. அதே அலையில் பேச்சும் போகும், எழுத்தும் போகும்படி செய்தார்கள். ஆனால் 1933-ஆம் வருடத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அப்படிக் கருவியை வைத்திருக்கவே கூடாது. ஆக, அன்றைய ஆன்போர்டிங்கில் டில்லி அனுமதியும் ஒன்று. மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் சூரியத் தகடும் பேட்டரியும் சேர்த்தார்கள். விவரங்களைத் தொகுத்து 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு பத்திரிகையும் போட்டார்கள். வேகம் குறைவுதான். இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் வருவதற்கு அன்று டீ குடித்துவிட்டு வரலாம். ஆனாலும் வந்தது.

வீராம்பட்டினத்துக் கதை இன்னும் விசேஷம். மீனவர்கள் கேட்டது நாளை அலை எவ்வளவு உயரம் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு பொதுவில் கிடைத்தது. வில்லியனூரில் அதை இறக்கித் தமிழில் மாற்றி வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கடற்கரையில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி சொல்லும். கட்டுமரத்தை இறக்கும் மனிதன் காதால் கேட்டுக்கொண்டு போவான். இத்தனை நீளமான சங்கிலியில் கடைசிக் கருவி திருவிழாவுக்குக் கட்டும் அதே குழாய்தான். பிற்பாடு ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையமே கணிப்புகளைத் தரத் தொடங்கியது.

2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாட்டில் என்ன நடந்தது என்று பலருக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் வெளியேறியது. அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். என்னைக் கேட்டால், பல வருடமாகத் தினமும் அலை உயரம் சொல்லிச் சொல்லி, அந்தக் குழாயிலிருந்து வருவது நம்பக்கூடிய சொல் என்று ஆக்கி வைத்திருந்தார்களே, அதைப் பற்றியும் எழுதியிருக்க வேண்டும். புதிதாக அன்றைக்குக் கட்டிய குழாயாக இருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

இனி பெயர் விஷயம். பேரன் சொன்ன இன்னொரு தொல்லை, வரிசை எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்துவிடுவது. கருவி நம்முடையது, சான்றிதழ் நம்முடையது, ஆனாலும் உள்ளே விடாது. இதைப் புதுச்சேரிக்காரனிடமா சொல்வது? எத்தா சிவில் என்கிற பிறப்பு இறப்புப் பதிவேட்டில், முருகன் என்பதில் உள்ள உகரத்துக்குப் பிரெஞ்சுக்காரர் இரண்டு எழுத்துப் போடுவார், ஆங்கில வழக்கத்தில் ஒரே எழுத்து. அப்பாவுக்கு ஒரு முருகன், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் வேறொரு முருகன். ஓய்வூதியத்துக்கு வந்து நிற்கும்போது இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க நோட்டரியிடம் அலைய வேண்டும். அப்படி அலைந்தவர்களை என் மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெயர் தவறினால் உள்ளே விடாது. கடவுச்சொல்லைக் கவனிக்காவிட்டால் எல்லோரையும் உள்ளே விட்டுவிடும். 2016-இல் 'மிராய்' என்றொரு தீய மென்பொருள் வந்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு, உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கானவை திறந்துகொண்டன. அவற்றையெல்லாம் ஒரே பக்கம் திருப்பி அந்த வருடம் அக்டோபர் 21-இல் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. வீட்டு வாசலைப் பார்ப்பதற்காகச் சுவரில் மாட்டிய கேமராக்கள்!

கடைசியாக ஒரு தேதி. ஆகஸ்ட் 16 நமக்கு விடுமுறை நாள். 1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் சொன்னார். தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு தேசமாயிற்று. 'அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை' என்று இருபது வருடம் கழித்துத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

கூகுள் நிறுவனம் கருவிகளை மேகத்தில் சேர்க்க 'ஐஓடி கோர்' என்றொரு சேவை நடத்தியது. 2022 ஆகஸ்டில் அதை மூடப்போவதாக அறிவித்து ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள். மூடிய நாள் 2023 ஆகஸ்ட் 16. தற்செயல்தான், ஆனாலும் நான் பேரனிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதற்குள் ஒவ்வொரு கருவியையும் வேறொரு மேகத்துக்கு மாற்ற வேண்டும், புதிய முகவரி கொடுக்க வேண்டும், புதிய சான்றிதழ் வைக்க வேண்டும்.

"எல்லாம் மாறிடுச்சா?" என்று கேட்டேன்.

"லிஸ்ட் வெச்சிருந்தவங்களுக்கு மாறிடுச்சு தாத்தா. எந்தக் கருவி எந்த ஊர்ல மாட்டியிருக்குன்னு எழுதி வைக்காதவங்க, தினமும் ஒண்ணு ரெண்டா தேடிக்கிட்டுத் திரிஞ்சாங்க."